மூன்று தங்கம், ஆறு வெள்ளி: ஷார்லட் கல்லாவை எப்படி எடைபோடுவது?

குளிர்கால ஒலிம்பிக் வந்துவிட்டால் யார் பெரிய ஆள் என்ற பஞ்சாயத்தும் கூடவே வந்துவிடும். கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்கில், அதுவும் பெண்கள் பிரிவில், அந்தப் பஞ்சாயத்து ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. நார்வேயின் மரித் பியோர்கன், 15 ஒலிம்பிக் பதக்கம், அதில் 8 தங்கம். அப்புறம் என்ன பேச்சு? ஸ்வீடனின் ஷார்லட் கல்லா பெயரை யாராவது எடுத்தால், "மூணு தங்கம்தானே" என்று பதில் வரும். எனக்கு இந்தக் கணக்கோடுதான் சண்டை.

பியோர்கனைக் குறைத்துப் பேச வரவில்லை. அவர் வேறு ரகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த விளையாட்டைக் கொஞ்ச காலம் விடாமல் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தங்கத்தை மட்டும் எண்ணினால் கல்லாவின் பதினான்கு வருஷத்தில் நல்லது பாதி கையை விட்டுப் போய்விடும். அவர் வாங்கிய ஆறு வெள்ளியில் ஒன்று 1.8 விநாடி வித்தியாசத்தில் தங்கமாகாமல் போனது. இன்னொன்றில் 0.19 விநாடி.

பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். மலை உச்சியிலிருந்து சறுக்கி இறங்குகிற ஸ்கீயிங் வேறு. இது ஏற்றம், இறக்கம், சமதளம் எல்லாவற்றையும் கையில் இரண்டு கம்புகளோடு சொந்த பலத்தில் கடக்கிற ஓட்டம். இரண்டு பாணி உண்டு. பனியில் வெட்டிவைத்த இணைத் தடத்தில் கால்களை முன்னும் பின்னுமாக நீட்டிப் போவது கிளாசிக். ஐஸ் ஸ்கேட்டிங் செய்கிறவர்கள் மாதிரி பக்கவாட்டில் உதைத்து உதைத்துப் போவது ஃப்ரீஸ்டைல். கல்லாவின் பலம் ஃப்ரீஸ்டைல். ஏற்றத்தில் மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிதானிக்கும் இடத்தில் இவர் காலைப் படபடவென்று மாற்றிப் போட்டுக்கொண்டே போவார். தூரத்திலிருந்து, முகம் தெரியாத வீடியோவில்கூட, அந்தத் தாளத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

பிறந்தது 1987 ஜூலையில். ஊர் டாரெண்டோ, ஸ்வீடனின் வடகோடியில் ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, பயாலா நகராட்சியில் இருக்கிற ஒரு சிற்றூர். பின்லாந்து எல்லையை ஒட்டிய பகுதி என்பதால் ஸ்வீடிஷோடு மெயன்கியெலி என்ற மொழியும் அங்கே புழங்குகிறது. (இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. டோர்னே ஆறு வடக்கே யூனோசுவாண்டோ என்ற ஊருக்கு அருகே இரண்டாகப் பிரிந்து, பாதித் தண்ணீரை டாரெண்டோ ஆறு வழியாகப் பக்கத்துக் காலிக்ஸ் ஆற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. இயற்கையாகவே இப்படி நடப்பது உலகத்தில் மிக அபூர்வம்.) யெல்லிவாரேயில் ஸ்கீயிங் பயிற்சியோடு சேர்ந்த மேல்நிலைப் பள்ளி, பிறகு பீத்தேயோ எலிட் என்ற கிளப். பனி அங்கே வருஷத்தில் பாதி நாள் கிடக்கும், ஆகவே குழந்தைப் பருவக் கதையெல்லாம் நான் நீட்டப்போவதில்லை.

ஸ்வீடன் அவரைக் கண்டுகொண்டது 2008 ஜனவரியில். டூர் டி ஸ்கீ என்ற பல நாள் போட்டி. அதன் கடைசி நாள் ஒரு கொடுமை. இத்தாலியில் ஆல்ப்பே செர்மிஸ் என்ற மலை. மேலிருந்து கீழே சறுக்குவதற்காகப் போட்ட சரிவில் இவர்களைக் கீழிருந்து மேலே ஏறச் சொல்வார்கள். கடைசி மூன்றரைக் கிலோமீட்டரில் நானூறு மீட்டருக்கு மேல் உயரம். முந்தைய நாட்களின் நேர வித்தியாசப்படி ஒருவர் பின் ஒருவராகக் கிளம்ப வேண்டும். உச்சியை முதலில் தொட்டவருக்குத்தான் கோப்பை. முந்தைய வருஷம் ஜெயித்த பின்லாந்தின் விர்பி குய்டுனன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். இருபது வயசுப் பெண் பின்னாலிருந்து வந்து, அந்தச் செங்குத்தான ஏற்றத்தில் அவரைத் தாண்டிப் போனார்.

இருபது வயசில் அப்படி ஜெயித்தது வரமா சாபமா என்று எனக்குள் ஒரு கேள்வி உண்டு. அதன் பிறகு டூர் டி ஸ்கீயை அவர் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டமும் கடைசி வரை கைக்கு வரவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் அர்த்தமில்லை. வாராவாரம் ஓடி, நவம்பர் முதல் மார்ச் வரை புள்ளி சேர்க்கிற ஆள் அவர் இல்லை. அது பியோர்கனின் ராஜ்யம், அப்புறம் அதே நார்வேயின் தெரேஸ் யோஹாக்கின் ராஜ்யம். கல்லா சில நாட்களுக்கான ஆள். எந்த நாட்கள் என்பதுதான் விஷயம்.

2010, வான்கூவர் ஒலிம்பிக், விஸ்லரில் 10 கிலோமீட்டர் ஃப்ரீஸ்டைல். இது அரை நிமிஷத்துக்கு ஒருவராக விடும் போட்டி. எதிராளி பக்கத்தில் இருக்க மாட்டார், கடிகாரம்தான் எதிராளி. ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர்கள் "மூணு விநாடி முன்னால இருக்க, அஞ்சு விநாடி முன்னால இருக்க" என்று கத்துவதை வைத்துத்தான் நிலவரமே தெரியும். கல்லா 24 நிமிஷம் 58.4 விநாடியில் முடித்தார். எஸ்டோனியாவின் கிறிஸ்டினா ஷ்மிகுன் 6.6 விநாடி பின்னால். மூன்றாவது, பியோர்கன். அந்த ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிக்கொண்டு போன அதே பியோர்கன்தான்.

சரி, சோச்சிக்கு வருவோம். 2014 ஒலிம்பிக்.

முதலில் ஸ்கீயத்லான். பாதி கிளாசிக்கில் ஓடி, நடுவில் ஸ்கீயையும் கம்பையும் மாற்றிக்கொண்டு மீதியை ஃப்ரீஸ்டைலில் ஓடுவது. பியோர்கன் முதலிடம், கல்லா 1.8 விநாடியில் இரண்டாமிடம். ஐந்து நாள் கழித்து 10 கிலோமீட்டர் கிளாசிக், அதாவது இவருக்கு வராத பாணி. அதில் போலந்தின் யுஸ்டினா கோவால்சிக் காலில் எலும்பு முறிவோடு ஓடித் தங்கம் வாங்கினார் (அது தனிப் பதிவுக்கான கதை). கல்லாவுக்கு மறுபடி வெள்ளி. யோஹாக்கை முந்தி வந்த வெள்ளி, அதுவும் யோஹாக்கின் கோட்டையான கிளாசிக்கில்! இதைத்தான் சொல்கிறேன், பட்டியலில் இது வெறும் "வெள்ளி – 1" என்று நிற்கும்.

அப்புறம் பிப்ரவரி 15, ரிலே. நாலு பேர், ஆளுக்கு 5 கிலோமீட்டர். இடா இங்கெமர்ஸ்டோட்டர், எம்மா விக்கேன், ஆன்னா ஹாக், கடைசியாகக் கல்லா. நார்வேதான் ஜெயிக்கும் என்று ஊரே சொன்னது. ஆனால் அன்றைக்கு நார்வேயின் ஸ்கீ பனியில் ஓடவே இல்லை. வேக்ஸ் (ஸ்கீயின் அடியில் பூசும் மெழுகு) தேர்வு சரியில்லை என்று அவர்களே பிறகு நொந்துகொண்டார்கள். வெங், யோஹாக், பியோர்கன் எல்லாம் இருந்த அணி ஐந்தாவதாக வந்தது.

கல்லாவின் முறை வந்தபோது முன்னால் பின்லாந்து, அடுத்து ஜெர்மனி. பின்லாந்துக்கும் இவருக்கும் இடைவெளி 25 விநாடிக்கு மேல். ஐந்து கிலோமீட்டரில், ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில், தேசிய அணியின் கடைசி ஓட்டக்காரர்களுக்கு எதிராக 25 விநாடியை எடுப்பது என்பது சாதாரணமாக யாரும் திட்டம் போடுகிற காரியமில்லை. வெண்கலத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம்.

அந்த வீடியோவை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். முதல் பாதியில் கேமராவில் கல்லா தென்படுவதே அபூர்வம். பின்லாந்தின் லாஹ்டீன்மாகியும் ஜெர்மனியின் டெனிசே ஹெர்மனும்தான் படம் முழுக்க. பிறகு பின்னணியில் மஞ்சளும் நீலமுமாக ஒரு புள்ளி. ஒவ்வொரு ஏற்றத்திலும் அந்தப் புள்ளி கொஞ்சம் பெரிதாகிறது. முன்னால் போகும் இருவரும் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டு போகிறார்கள். முன்னால் போகிறவர் எதிர்காற்றைத் தாங்க, பின்னால் வருகிறவர் சொகுசாக வருவார் என்பதால் இருவரில் யாருக்கும் முழு மூச்சாக இழுக்க மனசில்லை என்பது என் கணிப்பு. மைதானத்துக்குள் நுழையும்போது மூன்று பேரும் ஒரே கொத்து. கடைசி நேர்ப்பாதையில் கல்லா வெளிப்பக்கமாக எடுத்து வருகிறார். 25 விநாடியைத் துரத்திய காலில் ஸ்பிரின்ட்டுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தால், இருந்தது. ஸ்வீடன் முதலிடம், பின்லாந்து 0.5 விநாடி பின்னால், ஜெர்மனி 0.9. பெண்கள் ரிலேயில் ஸ்வீடனுக்கு 1960க்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் கல்லா விழுந்து கிடக்க, மற்ற மூவரும் மேலே வந்து விழுந்தார்கள்.

"நார்வே சொதப்பியதால் கிடைத்த தங்கம்" என்று சிலர் சொல்வதுண்டு. நார்வே சொதப்பியது உண்மை. ஆனால் நார்வேயின் ஸ்கீ ஓடாததற்கும் பின்லாந்தின் 25 விநாடிக்கும் என்ன சம்பந்தம்? அதை அவர்தானே எடுக்க வேண்டியிருந்தது. அதோடு, அன்று தோற்ற ஹெர்மன் லேசுப்பட்டவர் இல்லை. பிறகு துப்பாக்கி தூக்கி, ஸ்கீயிங்கும் சுடுதலும் சேர்ந்த பயத்லானுக்குப் போய், 2022இல் அதில் ஒலிம்பிக் தங்கமே வாங்கினார்.

ரிலே எல்லாருக்கும் பிடிக்கும், நாடகம் அப்படி. ஆனால் கல்லாவின் ஆகச் சிறந்த ஓட்டம் எது என்று கேட்டால் நான் 2015 ஃபாலுனைச் சொல்வேன். அது ஒலிம்பிக்கே இல்லை, ஆகவே எட்டுக்கு மூன்று கணக்கில் வரவே வராது. ஸ்வீடனிலேயே நடந்த உலக சாம்பியன்ஷிப், மறுபடி 10 கிலோமீட்டர் ஃப்ரீஸ்டைல், மறுபடி இடைவெளி விட்டுக் கிளம்பும் போட்டி. பனி கொட்டிக்கொண்டிருந்தது. புதுப் பனி ஸ்கீக்கு எமன். அதன் முனைகள் இன்னும் உடையாமல் கூர்மையாக இருப்பதால் ஸ்கீயின் அடிப்பாகத்தைப் பிடித்து இழுக்கும், வழுக்காது. நேரம் ஆக ஆகத் தடம் மோசமானது. ஆகவே சீக்கிரம் கிளம்பியவர்களுக்கு யோகம். அமெரிக்காவின் ஜெஸ்ஸி டிக்கின்ஸ், கெய்ட்லின் கிரெக் இருவரும் அப்படிக் கிளம்பி, அதே நேரம் அபாரமாகவும் ஓடி, பட்டியலின் மேலே உட்கார்ந்துகொண்டார்கள். தரவரிசையில் மேலே இருப்பவர்கள் வழக்கம்போலக் கடைசியில் கிளம்பினார்கள். ஒவ்வொருவராகச் சேற்றில் மாட்டிய வண்டிபோல ஆனார்கள். யோஹாக், பியோர்கன் எல்லாம் பட்டியலில் எங்கோ கீழே.

கல்லாவும் அந்தக் கடைசிக் கூட்டத்தில்தான் கிளம்பினார். அதே பனி, அதே தடம். சொந்த நாட்டுக் கூட்டம் வேறு, அதன் பாரம் வேறு. டிக்கின்ஸை 41 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். மற்ற பெரிய பெயர்கள் எல்லாம் நொந்துபோன அதே நிலைமையில் ஒருத்தர் மட்டும் 41 விநாடி முன்னால் வருவதற்கு நான் பார்த்தவரை விளக்கம் கிடையாது. ஸ்கீ தயார் செய்தவர்களுக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்கீ தானாக ஏற்றம் ஏறாது.

2018 பியோங்சாங். கல்லாவுக்கு முப்பது வயசு. ஸ்கீயத்லான்தான் அந்த ஒலிம்பிக்கின் முதல் தங்கப் பதக்கப் போட்டி. கடைசிக் கட்டத்தில் ஒரு கும்பலே சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. ஸ்பிரின்ட் வரை காத்திருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். இரண்டு கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது ஏற்றத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். யாரும் கூடப் போக முடியவில்லை. பியோர்கன் 7.8 விநாடி பின்னால் வெள்ளி. அந்த வெள்ளியோடு பியோர்கன் குளிர்கால ஒலிம்பிக்கில் அதிகப் பதக்கம் வாங்கிய பெண்மணி ஆனார் என்பது வேடிக்கை. சாதனை படைத்த நாளிலேயே கல்லாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இதற்கும் ஒரு "ஆனால்" தயாராக இருக்கும். யோஹாக் இல்லையே! இல்லைதான். உதட்டுக்குப் பூசிய களிம்பில் தடை செய்யப்பட்ட ஸ்டீராய்டு இருந்ததால் 18 மாதத் தடையில் இருந்தார். அவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஓட வராதவர் யாரையும் ஜெயிப்பதில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அதே பியோங்சாங்கில் 10 கிலோமீட்டரில் ராக்னில்ட் ஹாகாவுக்குப் பின்னால் வெள்ளி, ரிலேயில் வெள்ளி. பிறகு டீம் ஸ்பிரின்ட், அதாவது இரண்டு பேர் மாறி மாறி ஓடும் குறுந்தூரப் போட்டி. கல்லா ஸ்பிரின்ட்காரர் இல்லை. ஆனாலும் ஸ்டினா நில்சனோடு அவரை இறக்கினார்கள். கடைசி நேர்ப்பாதையில் டிக்கின்ஸ் நில்சனை 0.19 விநாடியில் முந்தி, கிராஸ் கன்ட்ரியில் அமெரிக்காவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்தார். உலகம் முழுக்க அந்த வீடியோவைப் போட்டது டிக்கின்ஸுக்காக. நியாயம்தான். தன் பலமே இல்லாத ஒரு போட்டியில் கல்லா அந்த அணியைக் கடைசி வரை போட்டியில் வைத்திருந்ததைப் பற்றி யாரும் பதிவு போட்டதாக நினைவில்லை.

மொத்தம் ஒன்பது ஒலிம்பிக் பதக்கம். ஸ்வீடனின் பழைய ஜாம்பவான் சிக்ஸ்டன் யெர்ன்பெர்யின் எண்ணிக்கையும் அதுதான். 2022 பெய்ஜிங்கிலும் ஓடினார், பதக்கம் இல்லை. ரிலே அணியில் இடமும் இல்லை. ஃப்ரீடா கார்ல்சன், எப்பா ஆண்டர்சன், யோனா சுன்ட்லிங், மாயா டால்க்விஸ்ட் ஓடி வெண்கலம் வாங்கினார்கள். தேர்வாளர்கள் செய்தது சரிதான், அப்போது அந்த நால்வரும் அவரைவிட வேகம். அடுத்த மாதம், மார்ச்சில், ஓய்வை அறிவித்துவிட்டார்.

ஆக என் வரிசை: ஃபாலுன் முதலில், சோச்சி ரிலே இரண்டாவது, ஆல்ப்பே செர்மிஸ் மூன்றாவது. மூன்றில் இரண்டு ஒலிம்பிக்கே இல்லை. சோச்சியை இரண்டாமிடத்தில் வைத்ததற்குத் திட்ட விரும்புகிறவர்கள் கமெண்ட்டில் வரலாம். ஆனால் அதற்கு முன்னால் ஃபாலுன் வீடியோவை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.