கோபுரம் எழுந்தால் மின்சாரம் வந்துவிடுமா?

“காற்றாலையை ஒரு வாரத்தில் நிறுவிவிடலாம், ஆண்டுக்கணக்கில் இழுப்பது அதிகாரிகளின் சோம்பேறித்தனம்” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. முதல் பாதி ஓரளவு சரி. அடித்தளம் தயாராக இருந்து, காற்றும் ஒத்துழைத்தால், பாகங்களைப் பூட்டச் சில நாட்களே போதும். இரண்டாம் பாதிதான் தவறு.

கோபுரத்துக்கு முன்பே அளவைக் கம்பம் வருகிறது. அதன் உச்சியில் சுழலும் சிறு கிண்ணங்கள் குறைந்தது ஓராண்டு காற்றை அளந்தால்தான் வங்கி கடன் தரும். பறவைகளின் வலசையையும் பருவம் தவறாமல் பார்க்க வேண்டும். அதை யாரும் அவசரப்படுத்த முடியாது.

மின்தொகுப்பு, அதாவது மின்சாரத்தை ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் கம்பி வலை, அதனோடு இணைப்பது வேறு கதை. சுற்றுச்சூழல் அனுமதி கையில் இருந்தாலும் இணைப்பு தனியாகத்தான் கிடைக்கும். பல காற்றாலைகளில் மின்சாரம் 690 வோல்ட்டில் பிறக்கிறது. அதை 33 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தி, துணைமின்நிலையத்தில் மேலும் உயர்த்தி அனுப்புகிறார்கள். பழைய கம்பிகள் அந்தச் சுமையைத் தாங்குமா, எங்காவது மின்பழுது ஏற்பட்டால் காற்றாலை தொகுப்போடு ஒட்டி நிற்குமா என்று கணக்கிட்ட பிறகே ஒப்புதல். பெரிய மின்மாற்றிக்கு ஆர்டர் கொடுத்தால், அது வந்து சேரவே சில ஆண்டுகள் ஆகலாம்.

கோப்பு தூங்கும் அலுவலகங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிண்ணங்கள் சுழலும் அந்த ஓராண்டை எந்த அதிகாரியாலும் சுருக்க முடியாது.