சிஎன்ஜி பைக் பாதி வழியில் நின்றுவிடுமா?

சிஎன்ஜி பைக் எரிவாயுவில் மட்டும்தான் ஓடும், தீர்ந்துபோனால் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான் என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள்.

அண்ணே, அது சரியில்லை. 2024 ஜூலையில் வந்த பஜாஜ் ஃப்ரீடம் 125-ஐத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் சீட்டுக்கு அடியில் 2 கிலோ சிஎன்ஜி சிலிண்டர் இருக்கிறது. அதோடு 2 லிட்டர் பெட்ரோல் டேங்கும் உண்டு. கைப்பிடியில் இருக்கும் சுவிட்சை மாற்றினால், வண்டியை நிறுத்தாமலே பெட்ரோலுக்கு மாறிவிடும். அந்த 2 லிட்டரில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் போகலாம் என்பது கம்பெனி கணக்கு. நம் சாலையில் அதைவிடக் குறையும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், லிட்டருக்கு 50 கிடைத்தாலும் காரைக்குடியிலிருந்து மதுரை போய்ச் சேர்ந்துவிடலாம்.

கம்பெனியின் இணையதளத்தில் வண்டியின் விவரப் பட்டியலைத் திறந்து பாருங்கள், இரண்டு டேங்க் அளவும் தனித்தனியாக இருக்கும். இல்லையென்றால் ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேட்டு, ஓட்டும்போதே அந்தச் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம், ஆனால் இந்தத் தவறான தகவலை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம்.