25 வயதில் "போதும்" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை இல்லையா?

ஆஸ்திரேலிய டென்னிஸ் வீராங்கனை ஆஷ்லி பார்ட்டியின் பெயர் வந்தாலே, மலேசியாவில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் இன்னமும் ஒரே பேச்சுதான். "உலகத்திலேயே முதல் இடம், கை நிறையக் காசு. 25 வயதில் யாராவது விட்டுவிட்டுப் போவார்களா? எல்லாம் கொழுப்பு." கோயிலில் பார்க்கிற மாமா முதல் என் கூடப்பிறந்த அண்ணன் வரை இதையேதான் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு மனசு கொதிக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அந்தப் பெண் என்ன குறை வைத்தார்? 2019இல் பிரெஞ்சு ஓப்பன், 2021இல் விம்பிள்டன், 2022 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன். செம்மண் தரை, புல் தரை, கெட்டித் தரை என்று மூன்றிலும் பட்டம். மொத்தம் 121 வாரம் உலகின் முதல் நிலை. உயரமோ 166 சென்டிமீட்டர்தான். மற்றவர்கள் இரண்டு கையாலும் ஓங்கி அடிக்கும்போது, இவர் பின்கைப் பக்கம் வந்த பந்தின் அடியை ஒற்றைக் கையால் சீவி விடுவார். பந்து வலையை ஒட்டிப் போய், விழுந்த இடத்தில் எழும்பாமல் சறுக்கும். ஆறடிப் பெண்கள் முழங்காலை மடக்கிக் குனிந்து அதைத் தோண்டி எடுக்க வேண்டும். அப்படி எடுத்த பந்து மிதந்துதான் வரும், அடுத்த அடியில் கதை முடிந்துவிடும். எனக்கு டென்னிஸில் இதைவிட அழகான காட்சி இல்லை.

மெல்பர்னில் நடந்த அந்த ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி ஆட்டத்தின் இரண்டாம் செட்டில், எதிர்த்து ஆடிய டேனியல் காலின்ஸிடம் 1-5 என்று பின்தங்கி, அங்கிருந்து மீண்டு 7-6 என்று முடித்தார். அந்தப் போட்டியில் ஓர் ஆஸ்திரேலியர் மறுபடி ஒற்றையர் பட்டம் வாங்க 44 வருடம் ஆகியிருந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 23 அன்று விடைபெற்றார். உடம்பிலும் மனசிலும் கொடுக்க இனி ஒன்றும் மிச்சமில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். இதில் கொழுப்பு எங்கே இருக்கிறது?

அதே வருடம் செப்டம்பரில் செரீனா வில்லியம்ஸ் தன் கடைசி ஆட்டத்தை ஆடினார். 41 வயதை எட்டப்போகிறவர், 23 ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் வாங்கியவர், ஒரு பிள்ளைக்குத் தாய். தோல்வி உறுதி என்று தெரிந்தும் கடைசி கேமில் ஐந்து மேட்ச் பாயிண்ட்டை, அதாவது விட்டால் ஆட்டமே முடிந்துவிடும் புள்ளியை ஐந்து தடவை, தடுத்தார். அவரைப் பார்த்து "இன்னும் ஏன் விடாமல் கிடக்கிறாள்" என்று கேட்டதும் இதே ஆட்கள்தான். சீக்கிரம் விட்டாலும் குற்றம், விடாமல் இருந்தாலும் குற்றம் என்றால் ஒரு பெண் என்னதான் செய்வது?

பார்ட்டி விட்டது அது முதல் தடவையும் இல்லை. 15 வயதில் ஜூனியர் விம்பிள்டன் வாங்கியவர், 18 வயதில், 2014 அமெரிக்க ஓப்பனோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார். சின்ன வயசு, ஊர் ஊராகப் பயணம், தலைமேல் ஒரு நாட்டின் எதிர்பார்ப்பு. தாங்கவில்லை. அப்புறம் பிரிஸ்பேன் ஹீட் அணிக்குக் கிரிக்கெட் ஆடினார். 2016இல் டென்னிசுக்குத் திரும்பினார். இந்த இடத்தைத்தான் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்கிறேன். போனவர் திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது.

அவருக்கு முன்னோடி ஆஸ்திரேலிய டென்னிஸ் வீராங்கனை இவோன் கூலகாங். இருவருக்குமே பழங்குடி வேர். கூலகாங்கின் அப்பா ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் கூலித் தொழிலாளி. பரெல்லன் என்ற சின்ன ஊரில், டென்னிஸ் கோர்ட்டின் வேலி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சிறுமியை உள்ளூர்க்காரர் ஒருவர் உள்ளே வந்து ஆடச் சொன்னார். அந்தச் சிறுமிதான் 1971இல் விம்பிள்டன் வென்றார். சரியாக 50 வருடம் கழித்து, அவரைப் போற்றும் விதமாக, அன்று அவர் உடுத்தியது போன்ற உடையில் பார்ட்டி வென்றார்.

எங்கள் தோட்டத்திலும் துரைமார் கிளப்பில் ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. வேலிக்கு வெளியே விழும் பந்தைப் பொறுக்கிக் கொடுக்கப் பையன்கள் நிற்பார்களாம். பெண் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைகாட்டினாலே அடி விழும் என்று அம்மா சொல்வார். உள்ளே வந்து ஆடு என்று ஒருவரும் கூப்பிடவில்லை. இன்று அங்கே சிமெண்டு வெடித்து, லாலான் புல் முளைத்து, சுற்றிலும் செம்பனை.

என்னோடு படித்த ஒருத்தி 800 மீட்டர் ஓடுவாள். கால் கட்டைவிரல்களில் வெள்ளைப் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு நிற்பாள். கடைசி வளைவு வரைக்கும் நடுவில் ஓடிவிட்டு, பிறகு ஒவ்வொருத்தியாகத் தாண்டுவாள். மாவட்டப் போட்டிக்கும் போனாள். பெரியவளானதும் வீட்டில் அரைக்கால்சட்டை கூடாது என்றார்கள். மாலைப் பயிற்சி முடிந்து தோட்டத்துக்குத் திரும்ப பஸ்ஸும் கிடையாது. படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, ஓட்டம் நின்றது. போதும் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. திரும்பி வரலாம் என்று சொல்லவும் ஆளில்லை. அவளுக்காக "ஐயோ, இப்படி விட்டுவிட்டாளே" என்று இந்த ஊரில் ஒருவர்கூட வருத்தப்பட்டதில்லை. முகம் தெரியாத ஆஸ்திரேலியப் பெண்ணுக்காக மட்டும் இவ்வளவு அங்கலாய்ப்பு!

நம் பெண்களால் முடியாது என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். எம். ராஜாமணி 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். சுங்கைப்பட்டாணி சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் பலத்த காயம்பட்டு, அடுத்த வருடமே ஹாங்சோவில் ஸ்குவாஷ் ஒற்றையர் தங்கத்தோடு வந்தார்.

படிவம் ஒன்று, இரண்டில் பெண் பிள்ளை வைத்திருக்கும் சுங்கை சிப்புட் பெற்றோர்களே, பிள்ளை ஓட்டமோ பந்தோ ஆசையாகக் கேட்டால் மாலைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். வேன் காசுதான் சிக்கல் என்றால் இன்பாக்ஸில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானும் இன்னும் சில அக்காமார்களும் சேர்ந்து அதைப் பார்த்துக்கொள்கிறோம்.