பி.ஏ. இங்கிலீஷ் எடுத்தால் டீச்சர் ஆகலாமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இன்பாக்ஸில் இந்தக் கேள்வியும் வந்துவிடும். "அக்கா, பி.ஏ. இங்கிலீஷ் எடுத்தா டீச்சர் ஆகலாமா?"

ஆகலாம். மூன்று வருடம் பி.ஏ., இரண்டு வருடம் பி.எட்., அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அரசுப் பள்ளி என்றால் அதற்கும் மேல் டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம், நடத்தும் போட்டித் தேர்வு. பாதையில் குழப்பம் ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் "உனக்கு இங்கிலீஷ் பேச வருமா, அதை ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தர வருமா?" என்று உங்களைக் கேட்பவர்கள் அநேகமாக யாரும் இருக்கமாட்டார்கள். என் புகாரெல்லாம் அதுதான்.

பி.ஏ.வில் இருந்தே தொடங்குகிறேன். பேர் இங்கிலீஷ் என்றாலும் படிப்பது இலக்கியம். முதல் வருடமே பதினான்காம் நூற்றாண்டுக் கவிதை கையில் வந்துவிடும். கூட உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தமிழ் மீடியம், நானும்தான். "My father is a farmer" என்பதையே தைரியமாகச் சொல்லிப் பழகாத பிள்ளை, காவியத்தின் இலக்கணம் பற்றி ஐந்து பக்கம் எழுத வேண்டும். எழுதுவாள், கைடு இருக்கிறதே! மனப்பாடம் செய்து அறுபது மார்க் வாங்கிவிடுவாள். ஒலியியல் என்று ஒரு தாள் உண்டு. எந்த ஒலிக்கு நாக்கு எங்கே படும் என்பதெல்லாம் அதில் வரும். அதையும் வாய் திறக்காமலே பாஸ் பண்ணிவிடலாம்.

இலக்கியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கதையை ரசித்துப் படிக்காதவர் வகுப்பில் எந்தக் கதையையும் உயிரோடு சொல்ல மாட்டார். அது வேண்டும். ஆனால் பேச, எழுத, காதால் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு பயிற்சியும் இல்லாமல் இலக்கியத்தை மட்டும் கொடுப்பது, நீச்சல் தெரியாதவனிடம் கடலின் வரலாற்றைக் கேட்பதுதான்.

சரி, பி.எட்.டில் சரியாகிவிடும் என்று நினைப்போம். ஆசிரியர் படிப்புகளுக்கான தேசியக் கவுன்சிலின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு வருடமானது. பதினாறு வாரம் பள்ளியில் பயிற்சி என்பது விதி. நினைக்க நன்றாகத்தான் இருக்கிறது. பல இடங்களில் நடப்பது என்னவென்றால், பயிற்சி மாணவி வந்தால் பள்ளிக்கு ஒரு ஆள் கிடைத்த மாதிரி. லீவு போட்ட டீச்சரின் வகுப்பைப் பார்த்துக்கொள், பேப்பர் திருத்து, ரிஜிஸ்டர் எழுது. மிச்ச நேரமெல்லாம் ரெக்கார்டு நோட்டுக்கும் சார்ட்டுக்கும் போய்விடும். அழகான கையெழுத்தும் நல்ல ஸ்கெட்ச் பேனாவும் இருந்தால் பி.எட்.டில் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். வகுப்புக்கே வராமல் பீஸ் மட்டும் கட்டி முடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கல்லூரிப் பேரெல்லாம் எதற்கு, விடுங்கள்.

எனக்கு நிஜமாகவே எரிச்சல் தந்த விஷயம் வேறு. ஆங்கிலம் கற்பிக்கும் முறைகள் பற்றிய தாளில் 'பெங்களூரு புராஜெக்ட்' என்று ஒரு தலைப்பு வரும். 1979-லிருந்து 1984 வரை என்.எஸ். பிரபு என்பவர் பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களில், வசதியான பள்ளிகளில் அல்ல, சாதாரணப் பள்ளிகளில் நடத்திய சோதனை. இலக்கணத்தை முதலில் வைக்காமல், பிள்ளைகளுக்கு ஒரு வேலையைக் கொடுப்பார்கள். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போகலாம் என்று கண்டுபிடி, வரைபடத்தைப் பார்த்து வழி சொல், இந்த மாதிரி. பிள்ளையின் கவனம் விடையில் இருக்கும், மொழி தன்னாலே உள்ளே போகும். உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் பேசப்படும் விஷயம் இது, நம்ம ஊர் வகுப்பறையில் பிறந்தது. அதை எங்களுக்கு எப்படி நடத்தினார்கள் தெரியுமா? ஐந்து மார்க் கேள்வி என்று சொல்லி, குறிப்பை டிக்டேட் செய்தார்கள். கையில் ஒரு ரயில் அட்டவணையைக் கொடுத்து "நாளைக்கு ஏழாம் வகுப்பில் இதை வைத்து ஒரு பீரியட் எடுத்துப் பார்" என்று ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா?

அப்புறம் டெட். பட்டதாரி ஆசிரியருக்கான இரண்டாம் தாள் மொத்தம் 150 மார்க். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மீதி 60? கணிதம்-அறிவியல், இல்லையென்றால் சமூக அறிவியல். ஆங்கில ஆசிரியருக்கும் இதேதான்! பொதுப்பிரிவில் பாஸாக 90 வேண்டும். ஆங்கிலத்தில் முப்பதுக்கு முப்பது வாங்கினாலும், முகலாயர்களும் பருவக்காற்றும் கைவிட்டால் நீங்கள் ஆங்கில ஆசிரியர் ஆக முடியாது. டிஆர்பி போட்டித் தேர்வில்தான் நம் பாடம் வருகிறது, அதுவும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற வகை. ஒரு பத்தி எழுதச் சொல்ல மாட்டார்கள், ஐந்து நிமிடம் வகுப்பெடுத்துக் காட்டச் சொல்ல மாட்டார்கள்.

இதையெல்லாம் தாண்டி வருகிறவரைத்தான் "இங்கிலீஷ் டீச்சருக்கே இங்கிலீஷ் பேச வரலை" என்று மீம் போட்டுச் சிரிக்கிறோம். பேச எங்கே கற்றுக்கொடுத்தோம்?

இத்தனைக்கும் தமிழ் மீடியத்தில் படித்து இங்கே வருகிற பிள்ளைதான் நல்ல ஆங்கில ஆசிரியர் ஆவார் என்பது என் கட்சி. எந்த இடத்தில் புரியாமல் போகும், எந்த இடத்தில் வெட்கம் வந்து வாயை அடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். தேவைப்பட்டால் ஒரு வரி தமிழில் சொல்லிவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்குத் திரும்பத் தெரியும். அது ஒன்றும் குற்றமில்லை, இருமொழி முறை என்று பி.எட். பாடத்திலேயே இருக்கிறது. கான்வென்ட்டில் படித்துவிட்டு "வொய் டோன்ட் யூ அண்டர்ஸ்டாண்ட்?" என்று அதட்டுகிறவருக்கு இது வராது.

அதனால் கேட்ட தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்: எடுங்கள். பி.ஏ.வில் நாமே தேர்ந்தெடுக்கும் எலக்டிவ் பாடங்களில் ஆங்கிலம் கற்பித்தல் இருந்தால் அதை விடாதீர்கள். வெளியூர் போக வீட்டில் ஒத்துக்கொண்டால், மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தில் நான்கு வருட ஒருங்கிணைந்த பி.ஏ.பி.எட். இருக்கிறது, நுழைவுத் தேர்வு உண்டு. ஐதராபாத்தில் 1958-ல் ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்காகவே தொடங்கிய நிறுவனம் இன்று இஃப்லு என்ற மத்தியப் பல்கலைக்கழகம், அங்கே ஆங்கிலத்துக்கென்றே பி.எட். நடத்துகிறார்கள். இரண்டும் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதே இல்லை. உள்ளூரில்தான் என்றால், மூன்று வருடமும் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்குச் சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்கள். காசு வாங்காதீர்கள், வாங்கினால் ஹோம்வொர்க் முடித்துக் கொடுப்பதே வேலையாகிவிடும்.

அப்புறம், வீட்டில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் புத்தகங்கள் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். டெட்டுக்கு வேண்டும்.