கடல்தண்ணி ஊத்தின அன்றைக்கே மீன் விடலாமா? அந்த மெசேஜ் பிழை

ரெண்டு மூணு நாளா குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது, வெள்ளவத்தை பீச்ல கடல்தண்ணி அள்ளி, ஹிக்கடுவையில உயிரோட முருகைக்கல் நாலு துண்டு உடைச்சு டாங்க்ல போட்டா அன்றைக்கே நீமோ மீன் விடலாமாம்.

விடேலாது. மீன் கழிவுல வாற அமோனியாவ நைட்ரைட்டாக்கி பிறகு நைட்ரேட்டாக்குற பக்டீரியா கல்லுலயும் மணல்லயும் பிடிக்கவே சாதாரணமா 4-6 கிழமை எடுக்கும், தண்ணி பளிங்கு மாதிரி இருந்தாலும் அமோனியா கண்ணுக்குத் தெரியாது, டெஸ்ட் கிட்ல அமோனியா, நைட்ரைட் ரெண்டும் ஏறி, பிறகு திரும்ப 0 காட்டுற வரைக்கும் பொறுங்க. நானும் அவசரப்பட்ட ஆள்தான், மூணாம் நாள் மீன் மேல வந்து வாயப் பிளந்துட்டு நின்டது இன்னும் மறக்கல்ல.

வெள்ளவத்தைக் கால்வாய் கடல்ல விழுற இடம் தெரியும்தானே, அந்தத் தண்ணியையா ஊத்தப் போறீங்க? ரீஃப் உப்ப (கடல்மீன் டாங்க்குக்குன்னே விக்கிற உப்பு) ஆர்ஓ தண்ணில (ஃபில்டர்ல வடிச்ச சுத்தமான தண்ணி) கலக்கி அடர்த்தி 1.025 வருதான்னு பாருங்க.

முருகைக்கல் உடைக்கிறது சட்டப்படி குற்றம், ஹிக்கடுவை தேசியப் பூங்கா வேற. சந்தேகம்னா வனசீவராசிகள் திணைக்களத்துல கேளுங்க. அந்த மெசேஜ இனி ஃபோர்வட் பண்ணாதீங்க, அனுப்பினவருக்கும் இதையே சொல்லிவிடுங்க.