சேற்றைக் காயவிடாதீர்கள்

மீட்டெடுத்த சதுப்பில் மாணவர்களே மண்ணைச் சோதிக்கிறார்கள் என்ற கட்டுரையை வாசித்தேன், நல்ல வேலை. ஆனால் ஒன்று. போன வருடம் மகளின் பாடசாலையிலும் பத்தரமுல்லைப் பக்கம் போய், சேற்றை சொப்பிங் பேக்கில் கட்டிக்கொண்டு வந்து, ஒரு கிழமை கழித்துத்தான் பிஎச் (அமில, கார அளவு) பார்த்தார்கள். அதற்குள் அது காய்ந்து வெடித்துவிட்டது. எடுக்கும்போது கருஞ்சாம்பல் நிறம், கூழ்முட்டை நாற்றம், வேரைச் சுற்றி மட்டும் செம்மஞ்சள் கோடு. காற்றுப்பட்டால் எல்லாம் மாறும், கந்தகம் கூடிய சதுப்பு மண் என்றால் காயக் காய அமிலமாகும், அப்புறம் அந்த இலக்கத்தை வைத்து என்ன சொல்வது? நிறத்தையும் மணத்தையும் நின்ற இடத்திலேயே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.

தேயிலைப் பை முறையும் பிள்ளைகளுக்குச் சரிவரும். கிரீன் டீ, ரூய்போஸ் (தென்னாபிரிக்கச் செடியொன்றின் சிவப்புத் தேநீர்) பைகளை எடை பார்த்து 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்து, 90 நாளில் தோண்டிக் காயவைத்துத் திரும்ப எடை பார்த்தால், அந்த மண் எவ்வளவு வேகமாக உக்கச் செய்கிறது என்று தெரியும். கடதாசிப் பை வேண்டாம், பையே உக்கிவிடும். நம் ஊரில் தேயிலைக்கா பஞ்சம், ரூய்போஸைத்தான் தேடணும்.

சரி, உங்கள் மாணவர்கள் மண்ணை எடுத்து எத்தனை மணித்தியாலத்தில் அளக்கிறார்கள்?