ஆமைக்குஞ்சுக்கு எதற்குச் சிறப்பு விருந்தினர்?

மாசிக் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடப் போகிறார்கள், விடியற்காலை ஐந்தரைக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். கும்பகோணத்தில் மூன்றரைக்கே கிளம்பி, சின்னவள் வழியெல்லாம் தூங்கி விழ, சொன்ன நேரத்துக்குப் போய் நின்றோம்.

குஞ்சுகள் தயார். கூடைக்குள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சுவரைப் பிராண்டிக்கொண்டிருந்தன. சிறப்பு விருந்தினர்தான் தயாராகவில்லை. அவர் வண்டி வந்தபோது மணி எட்டேகால். சால்வை, நாலு வார்த்தை பேச்சு, அப்புறம் ஆளுக்கொரு குஞ்சைக் கையில் வாங்கிக் கேமராவைப் பார்த்துச் சிரிப்பு. மணலில் விட்டபோது பாதிக்கு மேல் நகரவே யோசித்தன. சவுக்குத் தோப்பு ஓரம் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, அவற்றுக்கும் அழைப்பு போயிருக்கும்போல. "அப்பா, அதுக்குக் களைச்சுப் போச்சா?" என்று கேட்டாள் சின்னவள்.

களைத்துத்தான் போயிருக்கும். தாய் ஆமை குழி தோண்டி நூறு, நூற்றிருபது முட்டை இட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். ஏறக்குறைய 50 நாளில் குஞ்சு பொரிக்கும். மணல் குளிர்ந்த இரவில்தான் பெரும்பாலும் மேலே வரும். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் அதற்குக் கட்டுச்சோறு. அதை நம்பித்தான் கரையைத் தாண்டி, அலையைத் தாண்டி, ஒரு நாளுக்கு மேல் நிற்காமல் ஆழத்தை நோக்கி நீந்தும். அந்தக் கட்டுச்சோற்றைக் கூடையிலேயே தின்று தீர்க்க வைத்துவிட்டு, "கடல்வாழ் உயிரினத்தை அருகில் பார்த்தோம்" என்று நாம் பதிவு போடுகிறோம். நானும் அன்று படம் எடுத்தேன், இல்லை என்று சொல்லவில்லை.

பொரிப்பகத்துக் காவலர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. இரவெல்லாம் கரையில் நடந்து, நாயும் நரியும் தோண்டுவதற்குள் முட்டையை எடுத்து வந்து புதைக்கிறவர்கள் அவர்கள். பொரித்த அன்றைக்கே, இருட்டு விலகுவதற்குள் விட்டுவிட வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவர் கையில் அன்று முடிவு இல்லை.

பிள்ளைகளைக் கூட்டிப் போகாதே என்று நான் சொல்லவில்லை. எங்கே போகலாம் என்று கேட்டால் முதலில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைச் சொல்வேன். ஜாம்புவானோடையில் படகேறினால் கோரையாற்று வழியாக, இரண்டு பக்கமும் காடு கூடவே வர, காயலில் கொண்டுபோய் விடுவார்கள். 2018 கஜா புயலில் இந்தக் காடு பட்ட அடி கொஞ்சமல்ல. எங்கள் படகுக்காரர் ஓர் இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டார். ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லை, பெரியவன் கொட்டாவி விட்டான். பிறகு சேறு அசைய ஆரம்பித்தது. மூச்சு வேர்களுக்கு நடுவே சேற்றுத் தாவி மீன்கள் துடுப்பை ஊன்றி ஏறி வந்தன. மீன் கரையில் நடக்கிறது! ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து, அந்தக் கொடுக்கை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டன. யாரும் எதையும் தொடவில்லை. பிள்ளைகள் ஒரு மணி நேரம் போனைக் கேட்கவில்லை, அது எங்கள் வீட்டில் சாதாரண விஷயம் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் கடல்பசு. ஆவுளியா என்றும் சொல்வோம். தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகம் என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது, "மனோராவில் படகேறினால் கடல்பசு தெரியுமா?" என்றுதான். மனோரா, மல்லிப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் நிற்கும் பழைய கோபுரம்.

மல்லிப்பட்டினத்தில் நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிற ஓர் அண்ணனிடம் நானும் இதையே கேட்டேன். சிரித்தார். "மூக்கு தெரியும் தம்பி. மூச்சு வாங்கும், போயிரும். நாங்களே வருசத்துல ஒண்ணு ரெண்டு தடவ பாத்தா உண்டு" என்றார்.

அது கூச்சம் மிகுந்த பிராணி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுக்கு மேலே வந்தே தீர வேண்டும். மற்ற நேரமெல்லாம் ஆழம் குறைந்த தரையில் கடற்புல் மேய்ச்சல். ஒரு குட்டி போட்டால் அடுத்ததற்குச் சில வருடம் ஆகும். அந்தப் புல்வெளி மேல் விரைவுப் படகை விட்டால் விசிறி புல்லை அறுக்கும், மூச்சு வாங்க வந்த முதுகையும் பதம் பார்க்கும். வலையில் சிக்கினால் வலையை அறுத்து அதை விட்டுவிடும் மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். ஒரு வலை என்ன விலை என்று நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். அவர் வலையை இழந்து காப்பாற்றியதை நாம் முந்நூறு ரூபாய் டிக்கெட்டில் துரத்திப் பார்க்க வேண்டுமா? மனோராவுக்கு வாருங்கள், கோபுரத்தைப் பாருங்கள், கரையில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடுங்கள். கடல்பசு தண்ணீருக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் போதாதா?

சரி, பங்குனியில் இன்னொரு முறை ஆமைக்குஞ்சு பார்க்கப் போகிறோம். அழைப்பிதழ் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து, காவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு. இருட்டில்தான் நிற்போம். கூட வருகிறவர்கள் டார்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், போனை என்னிடம் கொடுத்துவிட வேண்டும்.